அத்துமீறி நுழைந்தவள்

"எங்கம்மா போறீங்க?" என்று கேட்டான் அந்தப் பையன். இருபத்தைந்து வயசுக்குள் இருக்கும். காக்கிச் சட்டை புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை.

"மலை சுத்தப் போறேன் தம்பி."

"அதுக்குத்தான் ரோடு இருக்குதே, அங்க போங்க. இது ரிசர்வ் ஃபாரஸ்ட். உள்ள வந்தா அத்துமீறல். கேஸ் போடலாம், தெரியுமா?"

அறுபத்திரண்டு வயசில் எனக்கு இப்படி ஒரு பட்டம். பாறையில் உட்கார வைத்தான். பெயர், விலாசம், செல் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டான். பேகோபுரத் தெரு என்றதும் நிமிர்ந்து பார்த்து, "உள்ளூர்க்காரங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றான். பிறகு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினான். இனி இந்த மலைக்குள் வரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அபராதம் இல்லாமல் அனுப்பிவிடுவானாம். பையன் மேல் எனக்குக் கோபமில்லை. சொன்னதைச் செய்கிறான். தண்ணீர் பாட்டிலைக்கூட நீட்டினான்.

எழுதிக் கொடுத்தேன். திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்து, அண்ணாமலையிடம் வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த ஒருத்தி நானாகத்தான் இருப்பேன். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

கார்த்திகை தீபம் முடிந்ததும் மலை உச்சியில் பிராயச்சித்த பூஜை செய்கிற ஊர் இது. மலையே சாமி, அதன் மேல் கால் பட்டுவிட்டதே என்று சாமியிடம் மன்னிப்புக் கேட்கிற ஊர். அந்த மன்னிப்பு எனக்குப் பழக்கம்தான். வெள்ளைத்தாளில் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அப்பாவுக்குத் தேரடித் தெருவில் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டி, கோட்டம் எடுத்து, வாடகைக்கு வண்டி விட்டு எங்கள் நாலு பேரையும் வளர்த்தார். சக்கரத்தால் பிழைத்த மனுஷன், செவ்வாய்க்கிழமை விடியற்காலை மட்டும் சைக்கிளைத் தொடமாட்டார். செருப்பையும் கடை வாசலிலேயே விட்டுவிடுவார். எனக்கு ஒன்பது வயசில் முதல்முதலாகக் கூட்டிப் போனார். அது 1972. ரமணாசிரமத்துக்குப் பின்னால் ஏறி, மலையடிவாரத்தை ஒட்டி மேற்கே நடந்தால் காட்டுச் சிவா ஆசிரமம் வரும். அதைத் தாண்டினால் கண்ணப்பர் கோயில். அங்கிருந்து வடக்கே வளைந்து வளைந்து கடைசியில் பச்சையம்மன் கோயில் பக்கம் இறங்கலாம். எங்கள் வீட்டில் கிரிவலம் என்ற சொல்லே கிடையாது. மலை சுத்துறது என்போம். ரோட்டில் போனால் வெளிச்சுத்து, இப்படிப் போனால் உள்சுத்து. அவ்வளவுதான். அதற்கு அனுமதி என்று ஒன்று இருக்க முடியும் என்பதே யாருக்கும் தோன்றினதில்லை. வாசலில் கோலம் போட யாரிடம் அனுமதி கேட்போம்?

அப்போது மலை மொட்டை. இன்றைக்குப் பச்சைப் பசேலென்று படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு இது தெரியாது. வெயில் காலத்தில் பாறையும் காய்ந்த புல்லும்தான். வெட்டியது யார் என்று கேட்டால் ஊரே தலைகுனிய வேண்டும். எங்கள் அடுப்புகளும் எரிந்தன. எண்பதுகளின் கடைசியில்தான் மரம் நடுகிற வேலை சங்கம் வைத்துத் தொடங்கியது. உள்ளூர் ஆட்கள், வெளிநாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், ஆடு மேய்த்தவர்கள் எல்லோரும் கை கொடுத்தார்கள். அப்பா மண்ணெண்ணெய் டின்னைக் கழுவி அதில் தண்ணீர் கொண்டுபோவார். பாதையோரத்தில் நாலு செடி அவர் கணக்கு. அதில் ஒரு புங்கன் இன்று நிழல் தருகிறது. அதன் கீழே ஒரு தகரப் பலகை நிற்கிறது. உள்ளே வராதே என்று.

பலகை வைத்து எட்டுப் பத்து வருஷம் ஆகிறது. எந்தக் கூட்டத்தில் முடிவு எடுத்தார்கள், யாரைக் கேட்டார்கள், எதுவும் ஊருக்குத் தெரியாது. தண்டோரா இல்லை, நோட்டீஸ் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை போனோம், பலகை இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. ஐந்நூறு வருஷமோ ஆயிரம் வருஷமோ மனுஷக் கால் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கின தடம் ஒரே ஒரு தகரத்தால் மூடப்பட்டது.

இந்த மலையில் யார் யார் நடந்தார்கள் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லையா? 1896-ல் பதினாறு வயசுப் பையனாக வெங்கட்ராமன், பின்னாளில் ரமண மகரிஷி, ரயிலிலும் நடையிலும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். 1899-லிருந்து விரூபாக்ஷி குகை, 1916-லிருந்து கந்தாசிரமம், 1922-ல் அடிவாரம். அந்த இருபத்து மூன்று வருஷமும் இந்த மலையில் அவர் கால் படாத இடம் குறைவு. பெரியவர்கள் கதை போகட்டும். கணவனையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு வந்த எச்சம்மாள், ஊருக்குள் சமைத்து, சோற்றைத் தூக்கிக்கொண்டு தினமும் மலையேறினாள். 1945-ல் கண்ணை மூடும்வரை ரமணருக்குச் சோறு கொடுப்பதை அவள் விடவில்லை. கீரைப்பாட்டி என்று ஒருத்தி, குகை நமசிவாயர் கோயில் பக்கம் இருந்துகொண்டு, மலையெல்லாம் சுற்றிக் கீரை பறித்து வந்து ஆக்கிப் போட்டாள். இன்றைக்கு அந்த இரண்டு பேரும் வந்தால் அந்தப் பையன் பாறையில் உட்கார வைத்து வெள்ளைத்தாள் நீட்டுவான். ஒருத்தி கையில் தூக்குப் பாத்திரம், இன்னொருத்தி மடியில் திருட்டுக் கீரை. வன விளைபொருள் கடத்தல் என்று தனிக் கேஸ்கூடப் போடலாம்.

கந்தாசிரமம் வரைக்கும் விடுகிறோமே என்பார்கள். விடுகிறார்கள், நேரம் பார்த்து. படி கட்டின அந்த ஒரு பாதைதான் மலை என்று முடிவு செய்துவிட்டார்கள். மலையைச் சுற்றுவது வேறு, மலையில் ஒரு இடத்துக்குப் போய்விட்டு வருவது வேறு. சுற்றுகிறவளுக்குப் போய்ச்சேர வேண்டிய இடம் என்று ஒன்றும் கிடையாது. வலது தோள் மலைப்பக்கம், வாயில் சாமி பேர், கால் பாட்டுக்கு நடக்கும். அதற்குத்தான் அந்தத் தடம்.

ரோட்டில் போகச் சொல்கிறான் பையன். அந்த ரோட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் என் வாய் சுத்தமாக இருக்காது. பதினான்கு கிலோமீட்டர் வெளிச்சுத்தில் பெரிய கோபுரத்தை விட்டு ஊருக்கு வெளியே வந்ததுமே செங்கம் ரோடு. கிருஷ்ணகிரிக்குப் போகிற தேசிய நெடுஞ்சாலை அது. பஸ், லாரி, கரும்பு லோடு டிராக்டர், சென்னையிலிருந்து வந்த கார், அதைத் தாண்ட ஆரன் அடித்துக்கொண்டே இன்னொரு கார். எமலிங்கத்தில் கும்பிட்டுவிட்டு ரோட்டில் இறங்கும்போது நிஜமாகவே எமனைக் கும்பிட்டுத்தான் இறங்க வேண்டியிருக்கிறது. ஆட்டோவில் உட்கார்ந்தபடியே எட்டு லிங்கமும் பார்த்து முடித்துவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் வருகிற பையன்கள் ஒரு கையால் வண்டி ஓட்டி, ஒரு கையால் மலையைப் படம் பிடிக்கிறார்கள். பௌர்ணமிக்கு வண்டியை நிறுத்துகிறார்கள், சரி. ஆனால் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை, லட்சக்கணக்கில் ஜனம். மற்ற நாளெல்லாம் அந்த ரோடு சக்கரத்துக்குத்தான்.

அந்தச் சக்கரத்துக்கு இன்னும் அகலமான வழி வேண்டும் என்றுதான் 2015-ல் ரோட்டோரத்து மரங்களை வெட்டத் தொடங்கினார்கள். எத்தனை தலைமுறை நடந்தவர்களுக்கு நிழல் கொடுத்த மரங்கள்! ஊர் கத்தியது, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத் தடை போட்டது. அதற்குள் வெட்டினது வெட்டினதுதான். கார் போக மரம் விழலாம். நான் போக ஒரு புல்லும் மிதிபடக்கூடாது. இது என்ன நியாயம்?

எதற்காக மூடினார்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தீப்பிடிக்கிறது, மான் மிரளுகிறது, குப்பை சேருகிறது, தனியாகப் போகிற வெளிநாட்டுப் பெண்களுக்கு ஆபத்து. நாலும் பொய்யில்லை. அதிலும் கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது இந்த ஊர்க்காரி என்ற முறையில் எனக்கே நாக்கு கூசுகிறது. வழிகாட்டுகிறேன் என்று கூட்டிப் போய் அக்கிரமம் செய்தவனை எங்கள் ஊர்தான் பெற்றது.

ஆனால் தீ விஷயத்தில் என்னிடம் வாதாட வராதீர்கள். மாசி, பங்குனியில் எலுமிச்சைப்புல் காய்ந்து ஆளுயரம் நிற்கும். எண்ணெய் உள்ள புல் அது, ஒரு பொறி விழுந்தால் சரசரவென்று ஏறிவிடும். ராத்திரியில் பேகோபுரத் தெரு மாடியிலிருந்து பார்த்தால் மலைக்குச் சிவப்பு மாலை போட்டதுபோல் இருக்கும். பார்க்க அழகு, வயிறு எரியும். எத்தனை தடவை அப்பா பச்சைக் கொப்பு ஒடித்துத் தீயை அடித்து அணைத்திருக்கிறார்! அவர் தனியாள் இல்லை. புல் அறுக்கிறவர்கள், ஆட்டுக்காரர்கள், சாமியார்கள், எங்களைப் போல் சுற்றுகிறவர்கள். புகையை முதலில் பார்த்தது அவர்கள் கண், முதலில் ஓடினது அவர்கள் கால். மிதிபட்ட தடத்தில் புல் முளைக்காது. அந்த ஒன்றரை அடி அகல மண்கோடே பல இடத்தில் தீயைத் தடுத்து நிறுத்தியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது தடத்தின் மேலேயே புல் மண்டிக் கிடக்கிறது. நடந்தவளை வெளியே தள்ளிவிட்டு, ராத்திரியில் சுவரேறிக் குதித்து உள்ளே போய்ப் பீடி பிடிக்கிறவனை யார் பிடித்தார்கள்? பலகைக்குப் பயப்படுகிறவள் பலகை இல்லாமலே ஒழுங்காக இருந்தவள்தான்.

குரங்கணியைச் சொல்வார்கள். 2018 மார்ச் 11. தேனி மலையில் ஏறப் போனவர்களில் காட்டுத் தீக்கு இருபத்து மூன்று உயிர், அதில் பெரும்பாலும் சின்ன வயசுக்காரர்கள். அந்த வருஷமே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. வரவேண்டியதுதான். கோடையில் முன்னபின்ன தெரியாத காட்டுக்குள் கூட்டமாகப் போவதும், ஒருத்தி தன் வீட்டுக் கொல்லைப்புறத்து மலையைச் செவ்வாய்க்கிழமை தோறும் சுற்றுவதும் ஒன்றா? சரி, தீக் காலத்தில் மூன்று மாதம் மூடுங்கள். நானே பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மீதி ஒன்பது மாதம் என்ன பாவம் செய்தது?

2024 டிசம்பர் முதல் தேதியை இந்த ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சாயங்காலம் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர், அதில் ஐந்து குழந்தைகள். மலை எங்களை அடித்த நாள் அது. பன்னிரண்டு நாளில் தீபம். அந்த வருஷம் பக்தர்கள் யாரும் மலையேறக் கூடாது என்றார்கள். கொப்பரையும் நெய்யும் கொண்டுபோக வேண்டியவர்கள் மட்டும் ஏறினார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரம் காயாத மலையில், ஈரம் காயாத சாவின் மேல் எவள் உரிமை பேசுவாள்?

ஆனால் அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் அந்த ஏழு பேரைக் காட்டி வாயடைக்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. சரிவில் கல்லும் சிமெண்டும் ஏறிக்கொண்டே போனதை எத்தனை வருஷம் வேடிக்கை பார்த்தார்கள்! வரி போட்டார்கள், கரண்டு கொடுத்தார்கள், ஓட்டுக் கேட்டுப் படியேறினார்கள். போக்கிடம் இல்லாத ஏழைகள் கட்டினார்கள், அவர்களைச் சொல்ல எனக்கு வாய் வராது. அனுமதித்தவர்களைச் சொல்கிறேன். வீடு கட்டலாம், நடக்கக்கூடாது. இப்படி ஒரு காவல் உலகத்தில் எங்கே உண்டு?

என் தங்கை மகன் வக்கீல். வெள்ளைத்தாள் கதையைக் கேட்டுச் சிரித்தவன், பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்து வந்தான். 1882-ஆம் வருஷத்து வனச் சட்டம், வெள்ளைக்காரன் போட்டது, இன்றைக்கும் தமிழ்நாட்டில் அதுதான் ஓடுகிறது. ஒரு காட்டைக் காப்புக்காடு என்று அறிவிப்பதற்கு முன்னால், அங்கே யாருக்கு நடைபாதை உரிமை, யாருக்கு மேய்ச்சல் உரிமை, யாருக்குத் தண்ணீர் உரிமை என்று அறிவித்துக் கேட்டு விசாரிக்க அதிகாரி போட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அதைவிட ஒன்று. இருக்கிற வழியை அடைக்கலாம், ஆனால் அதற்கு ஈடான வேறு வழி இருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

"அவங்க என்ன சொல்வாங்க தெரியுமா பெரியம்மா? வெளிச்சுத்து ரோடுதான் ஈடான வழின்னு சொல்வாங்க" என்றான்.

ஈடா? வாருங்கள், ஒரு நாள் என்கூட நடங்கள். சித்திரை மாதம் பகல் பதினோரு மணிக்குச் செருப்பில்லாமல் அந்தத் தாரில் நடங்கள். ஆரன் சத்தத்தில் உங்கள் வாயிலிருக்கிற சாமி பேர் உங்கள் காதுக்காவது கேட்கிறதா பாருங்கள். பிறகு கண்ணப்பர் கோயில் பக்கத்தில் காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் நில்லுங்கள். மயில் அகவும், காற்றில் எலுமிச்சைப்புல் வாசம் வரும், ஊர்ப் பக்கத்திலிருந்து தெரிகிற மலை இல்லை அது, வேறு முகம். அப்புறம் சொல்லுங்கள், ஈடா என்று.

தீபம் ஏற்றுகிற பர்வதராஜ குலத்தாருக்கு மரபுரிமை இருக்கிறது. அவர்கள் ஏறுவார்கள், ஏற வேண்டும், அதில் எனக்குப் பெருமைதான். அவர்கள் உரிமைக்கு ஒரு பெயர் உண்டு, வருஷத்தில் ஒரு நாள் உண்டு, ஊர் பார்க்க ஒரு ஜோதி உண்டு. சைக்கிள் கடைக்காரருக்கும் பூக்கட்டுகிறவளுக்கும் புல் அறுக்கிறவளுக்கும் இருந்த உரிமைக்குப் பெயரே இல்லை. எவரும் எழுதி வைக்கவில்லை. யாரும் தடுக்காதபோது எதற்கு எழுத வேண்டும்? எழுதாதது இல்லாததாகிவிட்டது.

காசு இருந்தால் காடு திறக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் அரசாங்கமே நாற்பது மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. இணையத்தில் பதிவு செய்து, சில நூறிலிருந்து ஆயிரக்கணக்கில் பணம் கட்டினால், வழிகாட்டியோடு போகலாம். நல்ல திட்டம், மலைவாசிப் பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கிறது. காட்டுக்குள் மனுஷன் போனாலே காடு கெட்டுவிடும் என்பது உண்மையானால் அந்த நாற்பது எப்படி? ஒழுங்கோடு போனால் கெடாது என்பது உண்மையானால் எங்களுக்கு ஏன் இல்லை? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

தங்கை மகன் இன்னும் இரண்டு கதை சொன்னான். அமெரிக்காவில் யூட்டா என்ற மாநிலத்தில் மோவாப் என்று ஒரு பாலைவன ஊர். அங்கே ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் ஓட்டி விளையாடுகிறவர்களுக்கு மண்தடங்கள் இருக்கின்றன. 2023-ல் அதில் ஐந்நூறு கிலோமீட்டர் போல அரசாங்கம் மூடியது. வண்டிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். காட்டில் எஞ்சின் உறுமுகிறவர்கள் மேல் எனக்கு இம்மியும் பரிவு கிடையாது, மூடினது சரி என்றுதான் தோன்றுகிறது. ஆனால் மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடத்தையும் வரைபடத்தில் போட்டு, எதைத் திறந்து வைக்கலாம், எதை மூடலாம் என்று சொல்லி, ஜனங்களிடம் ஆட்சேபணை எழுதி வாங்கினார்களாம். பொழுதுபோக்குக்கு வண்டி ஓட்டுகிறவனுக்கு அங்கே கிடைத்த அந்த மரியாதை, செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறவளுக்கு இங்கே கிடைக்கவில்லை.

இன்னொன்று இங்கிலாந்துக் கதை. கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில் பணக்காரர்கள் பறவை வேட்டையாடுவதற்காக வழியை அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரலில் தொழிலாளிப் பையன்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு நடந்தார்கள். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அந்த நடைக்கு இன்றுவரை பேரே அத்துமீறல்தானாம். இப்போது அந்த மேட்டில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.

எனக்கு ஜெயிலுக்குப் போகும் தெம்பு இல்லை. மூட்டு வலி வேறு. நான் கேட்பதெல்லாம் கொஞ்சம்தான். தீக் காலத்திலும் அடைமழைக் காலத்திலும் மூடுங்கள். மற்ற நாளில் விடிந்ததிலிருந்து பத்து மணி வரை விடுங்கள். நாளுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வையுங்கள், பேர் எழுதிக்கொள்ளுங்கள், தீப்பெட்டி இருக்கிறதா என்று மடியைச் சோதியுங்கள், பிளாஸ்டிக்கைப் பிடுங்கிக்கொள்ளுங்கள். சக்கரம் எதையும் விடாதீர்கள், சைக்கிள்கூட வேண்டாம், சைக்கிள் கடைக்காரர் மகள் சொல்கிறேன். புல் அறுக்கிற பெண்களில் பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்துப் பாதைக் காவலுக்குப் போடுங்கள். எந்தப் பாறைக்குப் பின்னால் யார் ஒளிவான் என்று உங்களைவிட அவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். எங்களைக் கேளுங்கள்.

எழுதிக் கொடுத்ததை நான் மீறப் போவதில்லை. ஆனால் பலகைக்கு இந்தப் பக்கம் நிற்க மாட்டேன் என்று எழுதித் தரவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அப்பா தண்ணீர் ஊற்றின அந்தப் புங்கமரத்தடிக்கு வருகிறேன், ஏழு வரை இருக்கிறேன். பேச வேண்டிய அதிகாரி யாராவது வந்தால் அங்கே பேசலாம். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.